கல்லிடுக்கு மண்: நெகேவ் மலைச்சரிவுகளின் நீர்க்கணக்கு

இஸ்ரேலின் தென்பகுதியான நெகேவ் பாலைவனத்தில் வடக்கிலிருந்து தெற்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். பீர்ஷெபா நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மி.மீ. மழை பெய்கிறது. அங்கிருந்து 50 கி.மீ. தொலைவுக்குள் இருக்கும் செடே போகேர் மேட்டுநிலத்தில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. நீண்டகாலச் சராசரி 90 மி.மீ. சொச்சம்தான். சமவெளியில் காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. மேட்டுநிலத்துச் சரிவுகளிலோ கண்ணில் படுவதெல்லாம் சுண்ணாம்புப் பாறை. பாறைப் படிகளின் காலடியிலும் வெடிப்புகளுக்குள்ளும் சாண் ஆழம், மிஞ்சினால் முழ ஆழம் மண். இந்த இரண்டில் எது வறண்ட நிலம் என்று கேட்டால் எவரும் மலைச்சரிவைத்தான் காட்டுவார்கள்.

ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர் ஆரோன் யாயிர், 1970களின் தொடக்கத்தில் செடே போகேருக்கு அருகே ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்து, அங்கே விழும் மழையையும் வழிந்தோடும் நீரையும் மண்ணுக்குள் தங்கும் ஈரத்தையும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க ஏற்பாடு செய்தார். அந்த அளவீடுகளிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு, பார்வைக்குத் தோன்றுவதற்கு நேர் எதிரானது. செடிகளின் கண்கொண்டு பார்த்தால், பாதி மழை பெறும் பாறைச்சரிவுதான் ஈரமான நிலம். இரு மடங்கு மழை பெறும் ஆழமண் சமவெளி அதைவிட வறண்டது. தாவரவியலாளர் அவினோம் டானினுடன் சேர்ந்து 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஒரே சரிவுக்குள்ளேயே இந்த வேறுபாடு எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டியது. பாறை மிகுந்த இடங்களில் செடியினங்கள் அதிகம். மத்தியதரைக் கடலோரத்தின் மழை வளமுள்ள பகுதிகளுக்குரிய செடிகள் சில, தம் இயல்பான எல்லையைத் தாண்டி வந்து இந்தப் பாறை வெடிப்புகளில் வாழ்கின்றன. அதே சரிவின் அடிவாரத்தில், மண் ஆழமாக இருக்கும் இடத்தில், அவற்றைக் காண முடிவதில்லை.

பாலைவன மலைச்சரிவின் மண்ணைப் புரிந்துகொள்ள இந்த முரணிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. ஏனென்றால் மண்ணியல் வகைப்பாடு இத்தகைய மண்ணுக்குத் தரும் அடையாளம் கிட்டத்தட்ட முழுவதும் குறைகளின் பட்டியல். உலக மண் வகைப்பாட்டில் இவற்றின் பெயர் லெப்டோசால். மேற்பரப்பிலிருந்து 25 செ.மீ. ஆழத்துக்குள் தொடர்ச்சியான பாறை தட்டுப்பட வேண்டும். அல்லது கல்லும் சரளையும் போக எஞ்சும் நுண்மண் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அமெரிக்க வகைப்பாட்டில் 50 செ.மீ.க்குள் பாறை வந்துவிட்டால் ‘லித்திக்’ என்ற அடைமொழி சேர்ந்துவிடும். இரண்டிலுமே அளக்கப்படுவது மண் எங்கே முடிகிறது என்பதுதான். உலகில் மிக அதிகப் பரப்பை நிறைத்திருக்கும் மண் பிரிவு இதுவே. சுமார் 165 கோடி ஹெக்டேர். அதன் பெரும்பகுதி மலைகளிலும் பாலைவனங்களிலும் இருக்கிறது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பை அதனிடம் இல்லாதவற்றைக் கொண்டே அடையாளப்படுத்திவிட்டு, வேளாண்மைக்கு உதவாதது என்று வரைபடத்தில் ஒரே நிறத்தைப் பூசிவிடுகிறோம்.

நெகேவ் மேட்டுநிலத்தின் பாறைகள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கற்கள். அவற்றுக்கிடையே இருக்கும் மண் அந்தப் பாறையே பொடிந்து வந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. சுண்ணாம்புப் பாறை கரைந்தால் எஞ்சுவது மிகக் குறைவு. அந்தக் கரைதலுக்கும் நீர் வேண்டும். இஸ்ரேலிய மண்ணியல் அறிஞர் டான் யாலோன், எலியேசர் கனோருடன் சேர்ந்து 1973இல் எழுதிய கட்டுரை, கடந்த பனியூழிக் காலங்களில் காற்றுத்தூசி இந்தப் பகுதியின் மண்ணை எவ்வளவு தூரம் உருவாக்கியது என்பதை விளக்கியது. சினாயிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் எழுந்த தூசி சமவெளியில் தடித்த படிவமாகத் தங்கியது. லோயஸ் என்பது அதன் பெயர். மலைச்சரிவில் அதே தூசி மழையில் அடித்துச் செல்லப்பட்டு, பிடிப்புக் கிடைத்த வெடிப்புகளிலும் படிகளின் ஓரத்திலும் மட்டும் மிஞ்சியது. வெளிறிய பழுப்பு நிறம், மாவு போன்ற நுண்தன்மை, சுண்ணாம்புச் செறிவு, காரத்தன்மை, மிகக் குறைந்த மக்கு, உள்ளே உடைகல் துண்டுகள்: இவை அதன் பொதுக்குணங்கள். அடுக்கடுக்காக முதிர்ந்த மண்ணில் காணும் தெளிவான பிரிவுகள் இதில் இருப்பதில்லை. மேலே சற்று நிறம் மாறிய ஒரு படலம், அதற்குக் கீழே உடைகல், அதற்கும் கீழே பாறை.

பாறையும் தன் பங்கைத் தருகிறது, ஆனால் எதிர்பாராத வழியில். நெகேவின் சுண்ணாம்புக் கற்களுக்குள், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, கல்லையே வீடாகக் கொண்ட லைக்கன்கள் வாழ்கின்றன. ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் இறங்கும் பனியீரம் அவற்றுக்கு உயிர் கொடுக்கிறது. யூகாண்ட்ரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த, நகக்கண் அளவுகூட இல்லாத நத்தைகள் அந்த லைக்கனைத் தின்ன வருகின்றன. லைக்கன் கல்லுக்குள் இருப்பதால் கல்லைச் சுரண்டாமல் அதைத் தின்ன முடியாது. கல்லோடு சேர்த்துத் தின்று, செரிக்காத கல்மாவை எச்சமாக மண்ணில் போடுகின்றன. மோஷே ஷகாக், கிளைவ் ஜோன்ஸ், யிகால் கிரனோட் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1987இல் இதை அளந்து வெளியிட்டார்கள்: ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் 0.7 முதல் 1.1 டன் வரை பாறை இவ்வாறு மண்ணாகிறது. காற்று கொண்டுவந்து போடும் தூசியின் அளவோடு ஒப்பிடத்தக்க அளவு இது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு வந்த தொடர் ஆய்வில், மண்ணுக்கு வந்து சேரும் நைட்ரஜனிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த நத்தைகளின் வழியாக வருவதாகக் கணக்கிட்டார்கள். உயிரற்றதென்று நாம் கைகழுவும் ஒரு நிலத்தில், மண் உண்டாவதற்கே ஒரு பிராணியின் வயிறு காரணமாக இருக்கிறது. இதைப் படித்தபின் ‘வெறும் பாறை’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

இனி நீரைப் பார்ப்போம். பாலைவன மழை பெரும்பாலும் சிறு மழை. ஒருநாள் மழை 10 மி.மீ.யைத் தொட்டாலே அது பேசப்படும் மழை. அந்த 10 மி.மீ. ஆழமான நுண்மண் சமவெளியில் விழுந்தால் மேலே சில அங்குலத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும். நுண்மண் தன் மேலடுக்கிலேயே நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்து வெயில் வரும். நனைந்தது முழுவதும் ஆவியாகும் எல்லைக்குள்தான் இருக்கிறது. நெகேவில் ஒரு நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஆவியாகக்கூடிய அளவு 2000 மி.மீ.யைத் தாண்டும் என்பதை நினைவில் கொண்டால், மேல் அங்குலங்களில் தங்கிய நீருக்கு எத்தனை நாள் ஆயுள் என்பது விளங்கும்.

பாறை நீரை வைத்துக்கொள்வதில்லை. யாயிரின் அளவீடுகளில் பாறை மிகுந்த பரப்பில் 1 முதல் 3 மி.மீ. மழை விழுந்ததுமே நீர் வழியத் தொடங்கியது. மண் மூடிய பரப்பில் வழிவதற்கு அதைவிட அதிக மழை தேவைப்பட்டது. கூரையில் விழுந்த மழை வாசல் தொட்டியில் இறங்குவதைப் போல, பாறையின் மழை அதன் காலடியில் உள்ள மண்ணில் இறங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் மண்திட்டு. அதற்கு மேலே ஐந்து சதுர மீட்டர் பாறை. 10 மி.மீ. மழையில் பாறையின் மேல் விழுவது 50 லிட்டர். அதில் பாதி வழிந்து வந்தாலும் 25 லிட்டர். திட்டின் மேல் நேராக விழுந்த 10 லிட்டரையும் சேர்த்தால் 35 லிட்டர். அந்த மண்ணுக்கு அன்று பெய்தது 35 மி.மீ. மழை. மண் ஆழமில்லாததால் நீர் விரைவில் அடிவரை சென்று, பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே வெயில் எட்டாது, வேர் எட்டும். மேலே கிடக்கும் கல் ஆவியாதலையும் தடுக்கிறது. ஆக, ஆழமின்மை என்ற குறை இங்கே நீரை ஆழத்துக்கு அனுப்பும் வழியாகிறது.

உலகப் பாலைவனங்களுக்கான பொதுவிதியாக இதே கருத்தைச் சூழலியல் அறிஞர் இமானுவேல் நோய்-மேயர் 1973இலேயே எழுதியிருந்தார். மழை வளமுள்ள நாட்டில் நுண்மண்தான் செடிக்கு நல்லது, ஏனென்றால் அது நீரைப் பிடித்து வைக்கிறது. மழை ஒரு வரம்புக்குக் கீழே போனால் நிலைமை தலைகீழாகிறது. மணலும் சரளையும் பாறைவெடிப்பும்தான் நல்லவை. அந்த வரம்பு ஆண்டுக்கு 300 முதல் 500 மி.மீ. வரை எங்கோ இருக்கிறது என்பது அவருடைய மதிப்பீடு. மழை வளமுள்ள நாடுகளில் உருவான மண் அறிவியல் ஆழத்துக்கும் நுண்மைக்கும் கொடுக்கும் மதிப்பெண்கள், அந்த வரம்புக்குக் கீழே போனதும் செல்லாமல் போகின்றன.

சரிவின் அமைப்பை மேலிருந்து கீழாகப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. உச்சியும் நடுப்பகுதியும் பாறை. அடிவாரத்தில் மேலிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் கலந்த படிவம். பாறையில் வழியும் நீர் அடிவாரப் படிவத்தின் மேல் விளிம்பைத் தொட்டதும் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. பாலைவன மழை விட்டுவிட்டுப் பெய்வது; ஒவ்வொரு தூறலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். அதனால் நீர் ஓடையை எட்டுமுன்பே ஓட்டம் நின்றுவிடுகிறது. விளைவாக, பாறையும் மண்படிவமும் சந்திக்கும் கோடு நெடுக ஒரு ஈரப்பட்டை அமைகிறது. அதற்குக் கீழே போகப் போக மண்ணின் ஆழம் கூடுகிறது, ஈரம் குறைகிறது. உப்பைப் பார்த்தாலும் இதே கதைதான். பாறையிடுக்கு மண் அடிக்கடி அலசப்படுவதால் அதில் உப்புத் தங்குவதில்லை. அடிவாரத்தின் கீழ்ப்பகுதியில் மழை மேலடுக்கை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பப் போவதால், தூசியோடும் மழையோடும் வந்த உப்பு சிறிது ஆழத்திலேயே சேர்ந்து கிடக்கிறது. ஒரே பாறை, ஒரே தூசி, ஒரே மழை. நூறு மீட்டர் தூரத்துக்குள் இரண்டு வேறு மண். செடிகளும் அதற்கேற்பப் பிரிந்து நிற்கின்றன. மேலே பாறையில் வார்தேமியா, ஒரிகனம் டாயி என்ற நறுமணச் செடி. கீழே வறட்சியும் உப்பும் தாங்கும் சைகோபில்லம், ஹம்மாடா புதர்கள்.

இந்த ஈரவேறுபாட்டைத் துல்லியமாகக் கண்டுகொள்ளும் உயிரினங்களும் உண்டு. நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்து உறவான, நிலத்தில் வாழும் ஹெமிலெபிஸ்டஸ் என்ற சிற்றுயிர் குடும்பமாக வளைதோண்டி வாழ்கிறது. கோடை முழுவதும் ஈரம் வற்றாத ஆழம் வரை தோண்ட முடிகிற இடத்தில் மட்டுமே அந்தக் குடும்பம் பிழைக்கும். தவறான இடத்தைத் தேர்ந்தால் கோடையைத் தாண்டாது. அது தின்று வெளியேற்றும் மண் உருண்டைகள் வளைவாயில் குவிந்து, அடுத்த மழையில் சரிவில் இறங்குகின்றன. கிழங்குகளைத் தேடிச் சரிவைக் கிளறும் முள்ளம்பன்றி இன்னொன்று. நம் ஊர்க் காடுகளிலும் கரடுகளிலும் திரிகிற அதே இந்திய முள்ளம்பன்றி இனம்தான் அங்கும் இருக்கிறது. அது தோண்டிவிட்டுப் போகும் குழிகளில் வழிநீரும் விதையும் சருகும் வந்து தங்குகின்றன. ஆய்வாளர் யித்சாக் குட்டர்மன் இந்தக் குழிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, சுற்றியுள்ள மண்ணைவிடக் குழிகளில் செடிகள் நெருக்கமாக முளைப்பதைப் பதிவு செய்தார். மலைச்சரிவிலிருந்து மண் அரித்துச் செல்லப்படுவதில் இந்த இரு பிராணிகள் கிளறிவிடும் மண்ணுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதை யாயிரும் அவருடைய சகாக்களும் அளந்து காட்டியிருக்கிறார்கள். மழையின் வேகத்தை மட்டும் வைத்து அரிப்பைக் கணக்கிடும் சூத்திரங்களில் இவற்றுக்கு இடமில்லை.

மேற்பரப்பில் கிடக்கும் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுங்காலச் சர்ச்சை ஒன்று அதைச் சுற்றியே நடந்தது. அவ்தாத், ஷிவ்தா போன்ற பழைய நகரங்களைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஆயிரக்கணக்கான சிறு கற்குவியல்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பெதூயின் மக்கள் அவற்றைத் ‘துலைலாத் அல்-இனப்’, அதாவது திராட்சைக் குவியல்கள் என்று அழைத்தார்கள். ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் பாமர் 1870 வாக்கில் அந்தப் பகுதியில் பயணம் செய்து அந்தப் பெயரைப் பதிவு செய்தார்; குவியல்களின் மேல் கொடி படர விட்டிருப்பார்கள் என்று கருதினார். இருபதாம் நூற்றாண்டில் அந்த விளக்கம் கைவிடப்பட்டது. தாவரவியலாளர் மைக்கேல் எவனாரி, நீரியலாளர் லெஸ்லி ஷானன், நாஃப்தாலி தட்மோர் ஆகியோர் 1950களின் இறுதியில் ஷிவ்தாவிலும் அவ்தாத்திலும் பழைய பண்ணைகளை மீட்டெடுத்து, பாசன நீர் இல்லாமல் வழிநீரை மட்டும் கொண்டு பாதாமும் ஆப்ரிகாட்டும் வளர்த்தார்கள். ஒரு ஏக்கர் வயலுக்கு 20 முதல் 30 ஏக்கர் சரிவு நீர் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விகிதம். சரிவிலிருந்து கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டால் வெறும் மண் மழையில் இறுகி, மேலே ஓடு கட்டி, நீரை அதிகமாக வழியவிடும். அதற்காகவே அந்தக் குவியல்கள் என்றார்கள். இன்னொரு ஆய்வாளரான யெஹூதா கேதார் இதை மறுத்தார். வயலுக்கு வேண்டியது நீர் மட்டுமல்ல, மண்ணும்தான். மண் அரித்து வரட்டும் என்றே கல்லை அகற்றினார்கள் என்பது அவர் வாதம்.

பின்னாளில் பெல்ஜிய ஆய்வாளர் ஜீன் போசன் முதலியோர் நடத்திய சோதனைகள் இந்தச் சர்ச்சைக்கு ஒரு நுட்பத்தைச் சேர்த்தன. கல் மண்ணின் மேல் சும்மா கிடந்தால் அதன் அடியில் மண் இறுகுவதில்லை. நீர் அங்கே உள்ளிறங்கும், வழிவது குறையும். அதே கல் மண்ணோட்டில் புதைந்து பதிந்திருந்தால் வழிவது கூடும். கல்லின் அளவைவிட அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. ‘கல் மூடல் 40 விழுக்காடு’ என்று மட்டும் எழுதும் மண் அறிக்கை இந்த ஒரு விவரத்தை விட்டுவிடுவதால், அதை வைத்து நீரோட்டத்தைக் கணிக்க வழியில்லை.

அந்தப் பண்ணைகளைக் கட்டியவர்கள் இதையெல்லாம் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள் என்றே நம்புகிறேன். சரிவின் குறுக்கே அவர்கள் வெட்டிய சிறு வாய்க்கால்களே சான்று. அடிவார மண் நீரைக் குடித்துவிடுமுன் இடைமறித்து வயலுக்குத் திருப்புவதுதான் அந்த வாய்க்கால்களின் வேலை. சரிவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, நீர் ஓடும் தூரத்தைக் குறைத்தால் சிறு மழைக்கும் வயலுக்கு நீர் வரும். எவனாரி காலத்தில் இந்தப் பெருமை பெரும்பாலும் அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த நபாத்தியர்களுக்கே தரப்பட்டது; பண்ணைகளின் பெரும்பகுதி அதற்குப் பிந்திய பைசாந்தியக் காலத்தில் செழித்தது என்பதே இப்போது வலுவாக உள்ள கருத்து. 1930களில் நெசானா என்ற ஊரின் இடிபாடுகளில் கிடைத்த ஆறாம், ஏழாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடுகளில் கோதுமை, பார்லி விதைப்பும் அறுவடையும் எழுதப்பட்டிருக்கின்றன. கோதுமை விதைத்ததற்கு ஏழு மடங்கு வரை கண்டிருக்கிறது. இந்தியாவிலும் இதே அறிவு உண்டு. ராஜஸ்தானின் ஜைசல்மேர் பகுதியில் பாலிவால் பிராமணர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் அமைத்துவந்த காதீன்கள், பாறை மேடுகளில் வழியும் நீரைத் தாழ்வில் கரை கட்டி நிறுத்தி, வடிந்த ஈரத்தில் கோதுமையும் கடலையும் விளைவிப்பவை. பாறைமேடு அங்கே யாருக்கும் வீண்நிலம் அல்ல. வயலின் மறுபாதி அது.

யாயிர் தன் அளவீடுகளிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், பலரையும் சங்கடப்படுத்திய ஒரு கேள்வியை எழுப்பினார். கடந்தகாலத்தில் மழை கூடிய கட்டங்களில்தான் வடக்கு நெகேவில் லோயஸ் தூசி அதிகம் படிந்தது. பாறைச் சரிவுகளை அது மூடியது. மூடிய இடங்களில் வழிநீர் குறைந்தது, ஈரம் மேலடுக்கில் தங்கி ஆவியானது, உப்புச் சேர்ந்தது. அப்படியானால் மழை கூடியபோது செடிகளுக்குக் கிடைத்த நீர் குறைந்திருக்க வேண்டும். தட்பவெப்பம் ஈரமானால் பாலைவனம் சுருங்கும், வறண்டால் விரியும் என்ற எளிய சமன்பாட்டில் நிலத்தின் மேற்பரப்பு என்ற உறுப்பு விடுபட்டிருக்கிறது என்பது அவர் வாதம். இதை முழுவதுமாக ஏற்கத் தயங்குகிறவர்கள் உண்டு. லோயஸ் மண் இல்லாமல் பள்ளத்தாக்கு வயல்களே இருந்திருக்காது என்ற உண்மையும் பக்கத்தில் நிற்கிறது. நிலவியலாளர் யோவ் அவ்னி இதன் மறுபக்கத்தை ஆராய்ந்தார். பள்ளத்தாக்குகளில் சேர்ந்திருந்த லோயஸ் ஓடை அரிப்பால் தொடர்ந்து குறைந்து, பாறை வெளிப்பட்டுவருகிறது. அதனால் மேய்ச்சல் நிலமும் பயிர்நிலமும் சுருங்கும் என்றார். இருவர் சொல்வதும் ஒரே நிலத்தைப் பற்றித்தான். ஒருவர் சரிவைப் பார்க்கிறார், மற்றவர் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்.

அண்மைக்கால வறட்சிகள் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைத் தந்துவிட்டன. வடமேற்கு நெகேவில் 1990களின் இறுதியிலிருந்து அடுத்தடுத்து வந்த வறண்ட ஆண்டுகளில் புதர்கள் பெருமளவில் மடிந்தன. ஆய்வாளர் இலான் ஸ்தாவியும் அவருடைய குழுவினரும் அங்குள்ள சரிவுகளை ஒப்பிட்டபோது, ஆழமான, கல்லில்லாத, சீரான மண் உள்ள சரிவுகளில்தான் சாவு மிகுதியாக இருந்தது. மண் மெலிந்து, கல்லும் பாறையும் விரவிய சரிவுகளில் அதே புதரினம் பெரும்பாலும் தப்பித்தது. மழை இரண்டுக்கும் ஒன்றே. தப்பிக்க வைத்தது, சரிவில் நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்திச் சேர்க்கும் கல்லும் பாறையும்.

ஆகவே இத்தகைய சரிவை ஆய்வு செய்யப் போகிறவர் மண்வெட்டியால் ஒரு குழி தோண்டி ஆழத்தைக் குறித்துக்கொண்டு திரும்புவது போதாது. அந்தக் குழிக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் பாறை இருக்கிறது, அதன் வெடிப்புகள் நெருக்கமா விரிவா, மேலே கிடக்கும் கல் பதிந்திருக்கிறதா படுத்திருக்கிறதா, உப்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது, சரிவு வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்பவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். மரம் நடவோ படிக்கட்டு வயல் அமைக்கவோ இடம் தேடுபவர்கள் ஆழமண்ணைத் தேடி அடிவாரத்தின் கீழ்க்கோடிக்குப் போவதை விட்டு, பாறை முடிந்து மண் தொடங்கும் அந்தக் கோட்டில் தேட வேண்டும். நெகேவ் மேட்டுநிலத்தில் அட்லாண்டிக் பிஸ்தா மரங்கள் ஓடைப்படுகைகளில் மட்டுமின்றிப் பாறைச் சரிவுகளிலும் ஆங்காங்கே நிற்கின்றன. அவற்றில் பல நூறு ஆண்டுகளைக் கடந்தவை. எவரும் அவற்றுக்கு நீர் ஊற்றியதில்லை.